ஒரு பக்கம், இருபது நிமிடம்

(தருமபுரியில் இசை கேட்போர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரும் தாம் அந்த மாதத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆல்பத்தின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது, அதில் ஒரு பகுதியை எல்லோருமாகக் கேட்பது, பிறகு அதைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவது என்று இந்தக் கூடுகையின் வழக்கத்தை வகுத்திருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இதற்காகவே பேருந்தேறி வருவோர் இங்கே இருக்கிறார்கள். இன்றைய தாள்களை என்னிடம் முன்பே கொடுத்துவிட்டார்கள். நாகூர் ஹனீபாவின் பாடல்கள் ஒன்றில் இருக்கின்றன. க்ளென் கூல்டின் பியானோ இன்னொன்றில். ஓசூர் நண்பர் சி. அஸ்வத் இசையமைத்த, கவிஞர் சிசுநாள ஷரீபின் கன்னடப் பாடல்களை எழுதியிருக்கிறார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன், 'கால் ஆஃப் தி வேலி' என்ற இந்துஸ்தானி ஆல்பம், இளையராஜா என்று தாள்கள் நீள்கின்றன. ஒருவர் மட்டும், "எங்கள் ஊர்ப் பம்பை, கைப்பேசியில் எடுத்தது" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாளுக்குப் பிறகு வருகிறேன்.

இப்படிப் பலதும் கலந்து கேட்பதால் என்ன பயன் என்பதே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. ரசனை விரிகிறது என்பது வழக்கமான விடை. அந்த விடையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பத்து நாட்டு இசைக் கலைஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தும், ஒருவரின் தட்டிலும் இரண்டாம் பக்கம் வரை போகாதவர்களை நாம் அறிவோம். ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்ட காது அடுத்த ஆல்பத்தை வேறுவிதமாகக் கேட்கிறது என்பதும், அந்த மாற்றத்தை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல முடியும் என்பதும்தான் இந்த வழக்கத்தின் பயன் என்று நான் கருதுகிறேன்.

முதலில் ஆல்பம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று, நான்கு நிமிட இசைதான் அடங்கும். ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்களைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீள்தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. எது முதலில் வர வேண்டும், எதன் பின் எது வர வேண்டும், தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளிக்கு முன் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற கேள்விகள் இசைக் கலைஞரின் வேலையாக மாறியது அப்போதுதான்.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் ஆழமாக வேர்விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்குத் தட்டென்றால் பெரும்பாலும் படப்பாட்டு. அந்தப் பாடல்களின் இடத்தைத் தீர்மானித்தது கதை. ஆனால் வரிசை என்ற கலை நமக்குத் தெரியாதது அல்ல. திருவிழாவில் மைக் செட் போடுபவர் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, அம்மன் பாட்டுக்குப் போய், வெயில் ஏறியதும் சினிமாப் பாட்டுக்கு மாறி, சாமி புறப்படும் நேரம் மறுபடியும் பக்திப் பாட்டுக்குத் திரும்புவதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிவுக் கடையில் அறுபது நிமிடக் கேசட்டில் ஏற்றி வாங்கிய தலைமுறையினரும் பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்ற கணக்குக்குள் தங்கள் வரிசையைத் தாங்களே அமைத்தார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து போகும் வேதனையும் அவர்களுக்குத் தெரியும்.

இனி, தாள்களில் இருக்கும் ஆல்பங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பேச நேரமில்லை; எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' 1971இல் வெளியானது. பெயரிலுள்ள சச்சிதானந்தர் நமக்கு அயலார் அல்லர். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்தவர். அமெரிக்கா சென்று, 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் பேசியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்த பின் ஆலிஸ் இவரை நாடினார்; அந்த ஈடுபாட்டிலிருந்து இந்த இசை வந்தது. இந்தச் செய்தி ஒரு கொங்குநாட்டுக்காரருக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கேட்கத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஆர்வம் வடிந்துவிடும்.

அதில் கேட்க வேண்டியது வேறு. முதல் தடத்தின் தொடக்கத்தில் தம்புரா எழுகிறது. அதன்மேல் செசில் மெக்பீ பேஸ் என்னும் பெரிய தந்திக் கருவியில் ஒரு சிறு சொற்கட்டு போன்ற தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஆலிஸின் யாழ், அதாவது ஹார்ப், அதன்மேல் அலையாகப் படர்கிறது. அதற்குப் பிறகுதான் ஃபேரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸஃபோன் நுழைகிறது. பென்னாகரம், அரூர்ப் பக்கத்தில் இரவு முழுக்கத் தெருக்கூத்துப் பார்த்த எவரும் அந்த நுழைவில் நிமிர்ந்து உட்காருவார். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்திருக்க, மிருதங்கம் ஒரே நடையில் போய்க்கொண்டிருக்க, முகவீணை என்னும் சிறிய ஊதுகருவி அந்த மூக்கடைத்த கூர்மையான குரலில் ஸ்வரத்தை வளைத்துக்கொண்டு மேலே ஏறும் இடம் நமக்குப் பழக்கமானது. முகவீணையில் சீவாளி இரட்டை. சாக்ஸஃபோனில் ஒற்றை நாணல் பட்டை. கருவிகள் வேறு, வந்த வழி வேறு. ஆயினும் முகவீணை கேட்ட காதுக்கு சாண்டர்ஸின் வளைவுகள் உடனே பிடிபடுகின்றன. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: சாண்டர்ஸைக் கேட்டபின் கூத்துக்குப் போனால், அதுவரை பின்னணியாகவே இருந்த முகவீணைக்காரர் என்ன செய்கிறார் என்பதில் கவனம் போகிறது. கலந்து கேட்பதன் பயன் என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்.

இந்த ஆல்பத்தின் முதல் நான்கு தடங்கள் கோல்ட்ரேன் குடும்பத்தின் வீட்டிலேயே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானவை. கடைசித் தடம் நியூயார்க்கில் ஒரு மேடையில் பதிவானது. அங்கே காற்றே மாறிவிடுவதைக் கவனியுங்கள். இடம் என்பது இசையின் பகுதி. க்ளென் கூல்ட் 1955இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' வாசித்ததும், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைப் பதிவு செய்ததும் நியூயார்க்கின் 30ஆம் தெருவில் இருந்த ஒரே கூடத்தில்தான். அது முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். மோகன வீணைக் கலைஞர் விசுவ மோகன் பட்டும் அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்து 1993இல் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பமும் கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குள்ளேயே பதிவாயிற்று. அதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இருவரும் அதற்கு முன் சேர்ந்து வாசித்தவர்கள் அல்லர்; அன்றைக்குத்தான் சந்தித்தார்கள். ஒருவர் மீட்டலுக்கு மற்றவர் விடைதரும் முன் விடும் சிறு இடைவெளியில் அந்தக் கட்டடத்தின் சுவரும் சேர்ந்து ஒலிக்கிறது. பெரிய ஒலிபெருக்கியில் கேட்டால் அந்த இடைவெளி அமுங்கிப்போகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் பிடிபடுகிறது.

நம் கருவிகளோ சுவருக்குள் வளர்ந்தவை அல்ல. பம்பையும் உறுமியும் முகவீணையும் திறந்த வெளியில், காற்றடிக்கும் களத்தில், கூட்டத்தின் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டிய குரல்கள். இந்தத் தகடூரை ஆண்ட அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் 89ஆவது ஒரு கேட்பவனின் சித்திரம் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. பொதுவிடத்தில் தொங்கவிட்டிருக்கும் தண்ணுமையின் தோலில் காற்று மோதி ஓசை எழுந்தால், அதைக் கேட்டு, "அது போர்" என்று துள்ளி எழுபவன் எங்கள் தலைவன் என்று எதிரி மன்னனிடம் அவர் சொல்கிறார். வீரத்தைச் சொல்ல வந்த பாட்டுதான். இருந்தாலும், காற்றுப் பட்டாலே ஒலிக்கும் அளவுக்கு வார் இறுகக் கட்டிய தோற்கருவியும், அதற்கே காதைத் திறந்து வைத்திருக்கும் ஒருவனும் அதில் இருக்கிறார்கள். அப்படிக் கட்டிய கருவியை அறைக்குள் கொண்டுவந்து கைப்பேசியை அருகில் வைத்தால் ஒலி கிழிந்துதான் போகும்.

'கால் ஆஃப் தி வேலி' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; இந்த அவையில் அதை அறியாதவர் குறைவு. 1967இல் சிவகுமார் சர்மாவின் சந்தூர் என்னும் தந்திக் கருவி, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார் ஆகியவை சேர்ந்து காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாளை விடியலின் ஆஹிர் பைரவ் ராகத்திலிருந்து சொல்லிக்கொண்டு போகின்றன. ராகத்துக்கும் பொழுதுக்கும் உள்ள பழைய உறவை நீள்தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் வைத்த சாமர்த்தியம் அது. தடங்களைக் குலைத்துப் போடும் பொத்தானை அழுத்தினால் அந்த இடையனின் நாள் சிதறிப்போகும். நடுவே விளம்பரம் வந்தால் சொல்லவே வேண்டாம்.

இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தை எழுதிய நண்பர், "இதைச் சேர்க்கலாமா?" என்று ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். தாராளமாகச் சேர்க்கலாம். 1986இல், படப்பாட்டு வேலை தலைக்குமேல் இருந்த காலத்தில், தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கி, வி. எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்திச் செய்த ஆல்பம் அது. அதன் எல்லா இடங்களும் ஒரே தரத்தில் நிற்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூல்டின் பாக்கைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டால், பாக்கின் வயலின் வரியொன்று நம் ஊர்க் கமகத்தோடு உரசும் இடம் துலக்கமாகத் தெரியும். இரண்டு தாள்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தது நல்ல வாய்ப்பு.

கூல்டைப் பற்றி இன்னும் ஒன்று. அவர் 1955இல் சுமார் 38 நிமிடத்தில் முடித்த அதே 'கோல்ட்பெர்க்' இசையை, 1981இல் மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆரியா என்னும் தொடக்க மெட்டை மட்டும் இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே சுரங்களுக்கு இளைஞர் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, ஐம்பதை நெருங்கியவருக்கோ மூன்று நிமிடம் வேண்டியிருக்கிறது. இரண்டாவது பதிவு வெளியான சில வாரங்களில், 1982 அக்டோபரில், அவர் காலமானார். ஆகவே, "போன வருடம் எழுதிய ஆல்பத்தையே மறுபடியும் எழுதலாமா?" என்று தயங்குகிறவர்களுக்கு என் விடை: எழுதுங்கள், ஆனால் இப்போது என்ன வேறாகக் கேட்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதிலிருந்து என் ஒரே விண்ணப்பத்துக்கு வருகிறேன். பரிந்துரைக்கும்போது "அருமை", "தெய்வீகம்", "உலகத்தரம்" ஆகிய சொற்களைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். அவை கேட்பவருக்கு எந்த வழியும் காட்டுவதில்லை. ஹனீபாவைக் கொண்டுவந்தவர், அந்தக் கம்பீரக் குரல் எந்தப் பாட்டில் எந்தச் சொல்லில் ஏறி நிற்கிறது என்று சொல்லட்டும். ஷரீபைக் கொண்டுவந்தவர், கன்னடம் அறியாத எங்களுக்கு ஒரு பாட்டின் பொருளை முன்பே சொல்லிவிடட்டும். கணினி தானாகத் தேடித்தரும் அடுத்த பாட்டு, நாம் முன்பு கேட்டதைப் போலிருப்பதையே பெரும்பாலும் கொண்டுவருகிறது. ஹனீபாவுக்குப் பக்கத்தில் கூல்டை வைக்க மனிதர்கள் கூடிய ஓர் அறை வேண்டும். ஒருவர் ஒரு மாதம் ஊறிக் கேட்டதைப் பிறர் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்பது, அவருக்குச் செய்யும் மரியாதையுமாகும். பிடிக்கவில்லை என்று சொல்வதும் அந்த மரியாதையில் அடங்கும். ஆனால் பக்கம் முடிந்தபின் சொல்ல வேண்டும்.

இனி, பம்பை என்று எழுதிய தாள். அதை எழுதிய தம்பி, இது ஆல்பம் ஆகாது என்று தயங்கியதாகச் சொன்னார்கள். நாம் இங்கே பேசிய அயல்நாட்டு ஆல்பங்கள் ஒவ்வொன்றிலும் யார் எதை வாசித்தார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று என்னால் சொல்ல முடிந்தது. இந்த மாவட்டத்தின் பம்பைக்காரர் ஒருவரைப் பற்றி அப்படி எழுதிவைத்த உறை ஒன்றைக்கூட என் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன் நான் நிற்கவில்லை. எனவே அந்தத் தம்பி பதிவோடு வாசித்தவர்களின் பெயர்களையும், ஊரையும், நாளையும், எந்தச் சடங்கின் எந்தக் கட்டத்தில் அது வாசிக்கப்பட்டது என்பதையும், அவர்களின் ஒப்புதலோடு எழுதிக்கொண்டு வரட்டும். அடுத்த முறை கைப்பேசியைக் கருவியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, காற்றுக்கு மறைவாக வைக்கச் சொல்லுங்கள். ஒலி அவ்வளவாகக் கிழியாது.

கூத்தும் சாமியழைப்பும் இருபது நிமிடத்தில் அடங்குபவை அல்ல, விடிய விடிய நடப்பவை என்று ஒருவர் சொல்லக்கூடும். அது நியாயமான தடைதான். அந்த இரவிலிருந்து எந்த இருபது நிமிடத்தை எடுப்பது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. கூத்து வாத்தியார் ஒருவரையும் பம்பைக்காரர் ஒருவரையும் அடுத்த மாதம் இங்கே அழைப்போம். அந்த இருபது நிமிடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் கையிலும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, இப்போது அவர்கள் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதச் சொல்வோம்.

நன்றி, வணக்கம்.