பழைய முகத்தின் மதிப்பு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் கைமணிக்கூடு திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னை இந்த உரைக்கு அழைத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த மணிக்கூடுகளைச் சேகரிக்கும் உலகத்தவரின் விருப்பம் கடந்த அரை நூற்றாண்டில் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்பதையும், அந்த மாற்றத்தை அறிந்த பிறகு நமது வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பழைய மணிக்கூடுகளை நாம் எப்படிப் பேண வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

1969 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் திகதி யப்பானின் சீக்கோ நிறுவனம் அஸ்ற்ரோன் என்ற மணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. பற்றரியில் இயங்கி, குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு நேரம் காட்டிய முதலாவது கைமணிக்கூடு அதுதான். அதன் விலை 450,000 யென்; அந்நாளில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய கார் வாங்கலாம். சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் மணிக்கூடுகள் மலிந்து உலகெங்கும் பரவின. 1970 அளவில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த சுவிற்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிலில் 1980களின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். நேரம் பார்ப்பது மட்டுமே தேவையாக இருந்திருந்தால், சுருள்வில்லும் பற்சக்கரமும் கொண்ட பழைய மணிக்கூடு அன்றோடு வழக்கொழிந்திருக்கும். ஆனால் தேவை தீர்ந்த பிறகுதான் அதன்மேல் ஆசை பிறந்தது. கையால் செய்த நுணுக்கத்துக்காக அதை வாங்குகிற ஒரு கூட்டம் உருவாயிற்று.

அந்தக் கூட்டத்தின் விருப்பம் ஒருபோதும் ஓரிடத்தில் நின்றதில்லை. 1972 இல் ஓடமார் பிகே நிறுவனத்துக்காக ஜெரால்ட் ஜென்ரா வரைந்த ரோயல் ஓக் என்ற மணிக்கூடு, உருக்கினால் செய்யப்பட்டிருந்தும் பல தங்க மணிக்கூடுகளை விட அதிக விலைக்கு வந்தது. 39 மில்லிமீற்றர் அகலம் அக்காலத்தவருக்கு மிகப் பெரிதாகத் தோன்றியது. தொடக்கத்தில் விற்பனையும் மந்தமாகவே இருந்தது. பின்னர் 2000களில் 44, 47 மில்லிமீற்றர் என்று வட்டில் அளவு மணிக்கூடுகளைக் கட்டுவதே நாகரிகமாயிற்று. இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. ரோலெக்ஸ் நிறுவனம் தனது எக்ஸ்ப்ளோரர் மணிக்கூட்டை 2010 இல் 39 மில்லிமீற்றராக்கி, 2021 இல் மீண்டும் பழைய 36 மில்லிமீற்றருக்கே கொண்டுவந்தது. நமது வெக்கைக்கும் வியர்வைக்கும் சிறிய மணிக்கூடே உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

இடையில் பணத்தாசையும் புகுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பற்றெக் பிலிப்பின் நோட்டிலஸ் போன்ற உருக்கு மணிக்கூடுகள் கடை விலையின் பல மடங்குக்குக் கைமாறின. நீல முகப்புடைய ஒரு நோட்டிலஸ் 2021 டிசம்பரில் 65 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. மேலே ஒட்டிய பிளாஸ்ரிக் உறையைக்கூட உரிக்காமல் பெட்டகத்தில் பூட்டி வைத்து, விலை ஏறியதும் விற்றவர்கள் பலர். 2022 இன் முற்பகுதிக்குப் பிறகு அந்த விலைகள் சரிந்தன. கையில் ஏறாத மணிக்கூட்டை வைத்திருப்பவரைச் சேகரிப்பாளர் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லா மாற்றங்களிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. முன்பெல்லாம் பழைய மணிக்கூட்டைப் புதிது போலாக்குவதே திறமை என்று கருதினோம். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது போல மணிக்கூட்டின் உலோக உறையைத் தேய்த்து மினுக்குவோம். மங்கிய முகப்புக்குப் புதுப் பூச்சுப் பூசுவோம். இன்றைய சேகரிப்பாளர் இதைச் சேதம் என்கிறார். வெயில் பட்டுக் கருப்பிலிருந்து மண்ணிறத்துக்கு மாறிய முகப்புகளை ஒருகாலத்தில் பழுது என்று கழற்றி எறிந்தார்கள். இன்று அதே நிறமாற்றத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தேய்த்த உறையில் விளிம்புகளின் கூர்மை போய்விடும். போன உலோகத்தை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

மணிக்கூட்டை யார் கட்டியிருந்தார் என்பதும் மதிப்பைத் தீர்மானிக்கிறது. நடிகர் போல் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேற்றோனா 2017 இல் ஒரு கோடியே 77 இலட்சம் டொலருக்கு விலைபோனது. கார் பந்தயம் ஓடிய கணவனுக்குக் கவனமாக ஓட்டும்படி மனைவி பொறிப்பித்துக் கொடுத்த வாசகம் அதன் பின்மூடியில் இருக்கிறது. அந்தப் பொறிப்பு தேய்க்கப்பட்டிருந்தால் அந்த விலைக்கு இடமே இல்லை.

இனி நமது மண்ணுக்கு வருகிறேன். மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த சீக்கோ பைவ், சிற்றிசன் மணிக்கூடுகள் வன்னியில் பல வீடுகளில் உண்டு. சீக்கோ பைவ் 1963 இல் தொடங்கிய வரிசை. கை அசையும்போது உள்ளே ஓர் எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்குவதால் அதற்குப் பற்றரி தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப் பொருளாக இருந்தது. மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்த ஆண்டுகளில், இந்த மணிக்கூடுகள் கையசைவை மட்டும் நம்பி ஓடின. 1996 இல் இலங்கை அரசு நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அந்த வேறுபாடு நீடித்ததால், எல்லைச் சாவடியான ஓமந்தையைக் கடந்தவர்கள் அரை மணித்தியாலத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருந்தது. அந்த முள்ளைத் திருப்பிய மணிக்கூடுகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் நகையையும் காணி உறுதியையும் இழந்தவர்கள் கூட மணிக்கட்டில் இருந்ததைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாயார் கணவரின் சீக்கோ பைவைக் கொண்டுவந்தார். “தம்பி, பேரன்ர கலியாணத்துக்குக் குடுக்கப்போறன், புதுசு மாதிரி மினுக்கித் தாங்கோ” என்றார். பின்மூடியில் 7009 என்ற இயந்திர எண்ணும், 8, 3 என்று தொடங்கும் ஆறு இலக்கத் தொடரெண்ணும் இருந்தன. இவ்வகைத் தொடரெண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் இரண்டாவது இலக்கம் மாதத்தையும் குறிக்கும். ஐயா சவூதியிலிருந்து திரும்பியது எண்பதாம் ஆண்டில் என்பதால், அது 1978 மார்ச்சில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. முகப்பின் வெள்ளி நிறம் நான்கு மணிப் பக்கத்தில், சாவிக் குமிழின் அருகே, தேநீர்க் கறை போல் பழுத்திருந்தது. முட்களில் இருந்த ஒளிப்பூச்சு மஞ்சளாகியிருந்தது. கண்ணாடியில் நீண்ட கீறல் ஒன்று. அந்தக் கீறல் எப்போது விழுந்தது என்பதைத் தாயார் திகதியோடு சொன்னார். முகப்பையும் கண்ணாடியையும் தொடாமல், உள்ளே கழுவி எண்ணெய் விட்டு, நீர் புகாமல் காக்கும் இறப்பர் வளையத்தை மட்டும் மாற்றலாம் என்று சொன்னதும் அவர் மனதார இசைந்தார்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பழைய சீக்கோக்களில் பலவற்றின் முகப்பு இந்தியாவில் மீளப் பூசப்பட்டது. எழுத்துகள் தடித்தும் கோணலாயும் இருந்தால் வாங்காதீர்கள். உங்களிடம் உள்ளதைத் திருத்தக் கொடுக்கும்போது, உறையைத் தேய்க்கவோ முகப்புக்குப் பூச்சுப் பூசவோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏதாவது உறுப்பை மாற்றினால் கழற்றியதைக் கடதாசியில் மடித்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். யார் எந்த ஆண்டில் எங்கே வாங்கியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விபரத்தையும் ஒரு தாளில் எழுதி அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.