படித்துவிட்டு வந்த மேஜரை எங்கே உட்கார வைப்பது?

வணக்கம் நேயர்களே. சுங்கை பீசி நெரிசலில் வண்டிக்குள் இருந்தபடி கேட்பவர்களுக்கும் வணக்கம். நான் மலேசிய ராணுவ வழங்கல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன்.

கல்யாண வீட்டில் மாமா ஒருவர் கேட்டார்: "துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு மாஸ்டர்ஸ் எதுக்குப்பா?" நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரும் கட்டணத்தைத்தான் செலவு என்று நினைக்கிறார்கள். கட்டணம் சின்னது. ஆள்தான் பெரிய செலவு. ஒரு மேஜர் இரண்டு வருடம் படிக்கப் போனால் அவர் வேலையை இன்னொருவர் பார்க்கவேண்டும். சம்பளமும் போய்க்கொண்டிருக்கும். கூடச் சேர்ந்தவர்கள் அதற்குள் படைப்பிரிவை நடத்திப் பதவி உயர்வுக்குத் தயாராகிவிடுவார்கள்.

சரி, வரவு என்ன? 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. குவாலா கிராய் பக்கம் ஒரு பள்ளித் திடல். அரிசி லோரிகள் வரிசையாக நிற்கின்றன, படகு போதவில்லை. இன்னும் லோரி அனுப்பு என்று ஆளாளுக்குச் சத்தம். போக்குவரத்து நிர்வாகம் படித்த என் நண்பர் மட்டும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். எந்த லோரி எப்போது வந்தது, படகு நிரம்ப எத்தனை நிமிடம். எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் நோட்டைக் காட்டினார். படகு கரையிலேயே பாதி நேரம் சும்மா நின்றிருக்கிறது! அரிசி, பால் மாவு, பிஸ்கட் எல்லாம் கரையில் வைத்துத்தான் பிரித்துக் கட்டினோம். கிடங்கிலேயே குடும்பத்துக்கு ஒரு பையாகக் கட்டி, லோரிகளை இடைவெளி விட்டு அனுப்பச் சொன்னார். அதே படகு, அதே ஆட்கள். சாயங்காலம் திடலில் வரிசையே இல்லை.

அந்த நோட்டு அவர் படிப்பிலிருந்து வந்தது. அதே நண்பரைப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத மேசையில் போட்டிருந்தால்? மறுபடியும் சொல்கிறேன், ஆள்தான் செலவு. அந்த ஆளைப் படித்த வேலையில் வைத்தால்தான் போட்ட காசு திரும்பும். அமெரிக்கத் தரைப்படையில் முழுச் செலவும் கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், படித்த ஒரு நாளுக்கு மூன்று நாள் சேவை செய்யவேண்டும். திரும்பியதும் அந்தப் படிப்பு தேவைப்படும் பதவியில்தான் போடுவார்கள். நாமும் இதில் கறாராக இருக்கவேண்டும்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. நீலகிரி வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் காலேஜில், அதிகாரி எப்படியும் படிக்கவேண்டிய பயிற்சியோடு சேர்த்தே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. கிடைக்கிறது. தனியாக இரண்டு வருடம் போகாது. ஆனால் அங்கே பக்கத்தில் உட்காருபவரும் சீருடைக்காரர்தான். வெளிப் பல்கலைக்கழகத்தில் நம்மோடு ஒத்துப்போகாத மாணவனோடு வாதாட வேண்டியிருக்கும். அதற்காக இரண்டு வருடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குடும்பம் படும் பாட்டையும் பேச வைத்திருந்தேன், அப்பா படிக்கப் போனால் பிள்ளைகளும் பள்ளி மாறவேண்டும். பெற்றோருக்கு ஒன்று மட்டும்: சுங்கை பீசி முகாமில் 2006 முதல் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பிள்ளை அதிகாரியாக ஆசைப்பட்டால், படிப்பு போய்விடுமே என்று தடுக்காதீர்கள். நன்றி, வணக்கம்.