கம்பளி நூல் பிடிக்கும் சாயம், விடும் சாயம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கினால் சேலத்து மொட்டைமாடிகளில் ஜவ்வரிசி வற்றல் காயும். வீட்டில் பிழிகிற வற்றல் வெள்ளையாகத்தான் இருக்கும். கடைப் பாக்கெட்டிலோ சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். அந்த நிறம் எது என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தண்ணீரில் போட்டால் நிறம் இறங்குகிறது, அதனால் கலப்படம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. அனுமதி உள்ள சாயமும் தண்ணீரில் இறங்கும்; தட்டுவடை செட்டில் வைக்கிற பீட்ரூட் துருவலும்தான் இறங்கும். நம் நாட்டில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. சிவப்பில் பொன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ. நீலத்தில் இண்டிகோ கார்மின், பிரில்லியன்ட் புளூ. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எல்லாப் பண்டத்திலும் சேர்க்க முடியாது. சேர்க்கலாம் என்கிற பண்டங்களிலும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் வரம்பு.

இந்த எட்டும் அமிலச் சாயங்கள். அதுதான் கம்பளி நூல் சோதனைக்கு அடிப்படை. பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் தொட்டியில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் ஊற்றுவது எதற்கு என்று சேலத்துச் சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் சொல்வார்: அமிலம் இருந்தால்தான் சாயம் நூலில் ஏறும். பட்டைப் போலக் கம்பளியும் புரதம். அமிலத்தில் அதற்கு நேர்மின் தன்மை வருகிறது. எதிர்மின் தன்மையுள்ள சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. அம்மோனியாவில் போட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

வற்றலையே எடுத்துக்கொள்வோம். பொரித்ததாக இருந்தால் முதலில் பெட்ரோலியம் ஈதரால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் நூலில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். 10 கிராம் வற்றலைப் பொடித்து, 2 சதவீதம் அம்மோனியா கலந்த 70 சதவீத ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறப்போடுகிறோம். மாவுச்சத்து சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு முழுதாக விடாது, மாவும் கூழாகிவிடும். ஊறியதைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிந்ததை வாட்டர்பாத்தில், அதாவது சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்து வற்றவைக்க வேண்டும். ஆல்கஹாலை நெருப்பில் நேராக வைக்கவே கூடாது. வற்றியதை 30 மில்லி தண்ணீரில் கரைத்து, அசிட்டிக் அமிலம் சேர்த்து, சுமார் 20 சென்டிமீட்டர் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவிடுகிறோம். அந்த நூலை முன்னதாகவே மிக நீர்த்த காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, காரம் போக அலசியிருக்க வேண்டும். ஆசைப்பட்டு நிறைய நூல் போட்டுவிட்டால், இருக்கிற கொஞ்சம் சாயமும் பரவி வெளிறித் தெரியும்.

நூல் சிவந்துவிட்டது. இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இயற்கை நிறமும் நூலில் ஏறும். அதனால் நூலைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, 2 சதவீத அம்மோனியாவில் கொதிக்கவைக்க வேண்டும். நூல் வெளுத்து, நிறம் முழுக்கத் தண்ணீருக்கு வந்துவிட்டால் அது அமிலச் சாயம். இயற்கை நிறம் பெரும்பாலும் அப்படிக் கழன்று வராது. வெளுத்த நூலை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை மறுபடி அமிலமாக்கி, புது நூலைப் போட்டு இன்னொரு முறை ஏற்றி இறக்குகிறோம். இந்த இரண்டாவது சுற்றை நேரமில்லை என்று விட்டுவிட்டால் சர்க்கரையும் மற்ற கசடும் கூடவே வந்து அடுத்த கட்டத்தைக் கெடுக்கும். இண்டிகோ கார்மின் காரத்தில் நிலைக்காது. அம்மோனியாவில் நெடுநேரம் கொதித்தால் நீலம் காணாமலே போய்விடும்.

நீலகிரி, ஏற்காடு என்று எங்கே போனாலும் குழந்தைகள் கேட்பது பஞ்சுமிட்டாய். துணிக்குப் போடுகிற காரச் சாயமான ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அனுமதி பெற்ற எட்டில் காரச் சாயம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கரைசலில் அமிலத்துக்குப் பதில் அம்மோனியா ஊற்றிக் கொதிக்கவைத்து, நூலில் நிறம் ஏறி, பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழன்று வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். புற ஊதா விளக்கில் ரோடமின் ஆரஞ்சாக ஒளிரும். ஆனால் எரித்ரோசினும் ஓரளவு ஒளிரும் என்பதால் விளக்கை மட்டும் நம்பி அறிக்கை எழுதக் கூடாது.

மெட்டானில் மஞ்சள் வேறு விதமான சிக்கல். அனுமதியில்லாத சாயம், ஆனாலும் அமிலச் சாயம். நூல் சோதனையில் டார்ட்ரசின் போலவே நடந்துகொள்ளும். மஞ்சள் தூளில் இதைத் தேடுவதற்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். மஞ்சள் தூளும் மெட்டானிலும் சிவப்பாகும், தண்ணீர் ஊற்றினால் மஞ்சள் தூளின் சிவப்பு மறையும், மெட்டானிலின் சிவப்பு நிற்கும். ஆனால் அமிலம் நன்றாக இருக்கும் வரைதான் நிற்கும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் மெட்டானிலும் மஞ்சளாகத் திரும்பிவிடும், கலப்படத் தூள் தப்பிவிடும்.

எந்தச் சாயம் என்று பெயர் சொல்ல வாட்மேன் 1 என்கிற வடிதாள் வேண்டும். அடியிலிருந்து 2 சென்டிமீட்டரில் பென்சிலால் கோடு போட்டு, மாதிரியையும் தெரிந்த சாயங்களையும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் பொட்டு வைக்கிறோம். தாளின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், அது தாளில் மேலே ஏறும்போது சாயங்களையும் இழுத்துக்கொண்டு போகும். பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டால் மையும் கூடவே மேலே ஓடும். பொட்டு சிறியதாக, ஒவ்வொரு தடவையும் காய்ந்த பிறகு அதே இடத்தில் வைக்க வேண்டும். கரைப்பானை ஒன்றோடு நிறுத்தக் கூடாது. ஒன்றில் சேர்ந்து ஓடுகிற இரண்டு சாயங்கள் இன்னொன்றில் பிரியும். பிறகு பொட்டை வெட்டிக் கரைத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்க்கலாம்; எந்த அலைநீள ஒளியைச் சாயம் அதிகம் உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி அது. டார்ட்ரசின் 427 நானோமீட்டர் பக்கம் உச்சம் காட்டும், பிரில்லியன்ட் புளூ 630 பக்கம்.

அளவு சொல்வதில் இன்னும் கவனம் தேவை. 10 கிராம் வற்றலில் வரம்பு 1 மில்லிகிராம் சாயம்தான். நூலில் ஏற்றி இறக்கும்போது அதிலும் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் சாயமில்லாத வற்றலில் தெரிந்த அளவு சாயத்தைக் கலந்து, அதே முறையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்த பிறகே கணக்குப் போட வேண்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குகிற யாரும் கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பிரிக்காத பாக்கெட்டாகவே கொடுங்கள். சில்லறையாக வாங்கியதானால் காய்ந்த, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெளிச்சம் படாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். செய்தித்தாளில் மடித்தால் அச்சு மையும் மாதிரியோடு சேர்ந்துவிடும்.

வணக்கம்.