மலேரியா மிகுந்த நாடுகளில் கொரோனா ஏன் குறைவு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அன்பர்களுக்கு வணக்கம். கொசுவால் பரவும் நோய்கள் பற்றிய உரையைக் கேட்ட சகோதரி ஒருவர், "ஆப்பிரிக்காவில் கொரோனா இறப்பு குறைவு என்கிறார்களே, மலேரியா மாத்திரைதான் அவர்களைக் காத்ததா?" என்று கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி, படித்ததிலிருந்து மனத்தை விட்டு அகலவில்லை.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். மலேரியாக் கிருமிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரத்திடம், குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரை பலிக்காமல் போனதால், ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவை 2000களிலேயே ஆர்டிமிசினின் கூட்டு மருந்து என்ற வேறொரு மலேரியா மருந்துக்கு மாறிவிட்டன. அப்படியிருக்க, மக்கள் உட்கொள்ளாத மாத்திரை அவர்களை எவ்வாறு காத்திருக்கும்? அதன் நெருங்கிய உறவு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளின் இறப்பைக் குறைக்கவில்லை என்று பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' என்ற மருந்துச் சோதனை ஆய்வு 2020 ஜூனில் அறிவித்தது. அக்கண்டத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதும், பல இடங்களில் இறப்புகள் முழுமையாகப் பதிவாகவில்லை என்பதும்தான் எனக்கு வலுவான காரணங்களாகப் படுகின்றன.

ஆனால், பெருந்தொற்று மலேரியா நோயாளியை என்ன செய்தது என்றும் நாம் கேட்க வேண்டும். காய்ச்சல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, அது எந்த நோயால் வந்தது என்று பார்த்தவுடன் தெரியாது என்று இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில், காய்ச்சலுடன் தொடங்கும் கொடிய தொற்றுநோயான எபோலா பரவியபோது, மலேரியா கண்ட குழந்தையைக்கூட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பெற்றோர் அஞ்சினார்கள். அங்கே போனால் எபோலா தொற்றிவிடும், அல்லது எபோலா நோயாளி என்று பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. அப்போது சியரா லியோனில் ஒரு நல்ல ஏற்பாடு நடந்தது. அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு, காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடப் பாராமல், வீடு தேடிச் சென்று மலேரியா மருந்து கொடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சல் குறைந்தால், எபோலா என்று சந்தேகிக்கப்படுவோரும் குறைவார்கள் அல்லவா?

கொரோனாவின் தொடக்கத்தில், லேசான காய்ச்சலென்றால் வீட்டிலேயே இருங்கள் என்று பல நாடுகளில் சொன்னார்கள். காய்ச்சல் தன் பெயரைச் சொல்லாது என்பதை மீண்டும் நினைவுபடுத்துகிறேன்; ஃபால்சிபாரம் மலேரியாவில் ஓரிரு நாள் தாமதமே ஒரு குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020இல் மலேரியாவால் இறந்தோர் 6,27,000 பேர். இது முந்தைய ஆண்டைவிட 69,000 அதிகம். அந்தக் கூடுதலில் மூன்றில் இரண்டு பங்கு, பெருந்தொற்றால் மலேரியாவுக்கான மருத்துவச் சேவைகள் தடைப்பட்டதால் நேர்ந்தது. ஆனால் எல்லா இடத்திலும் பணி நின்றுவிடவில்லை; அதே 2020இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கொசுவலைகளைக் கொடுத்து முடித்தார்கள் என்பதையும் சகோதரிக்குச் சொல்ல விரும்புகிறேன்.