வளரும் இடம் எது?

வணக்கம். ஒரு மரத்தில் நெஞ்சுயரத்தில் ஆணி அடித்துவிட்டுப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். மரம் எவ்வளவோ உயர்ந்திருக்கும். ஆணி அதே நெஞ்சுயரத்தில்தான் இருக்கும். ஒரே மாற்றம், அது மரத்துக்குள் புதைந்து போயிருக்கும். செடி உடம்பு முழுவதும் சமமாக வளர்வதில்லை. நீள்வது நுனியில், பருப்பது பட்டைக்கு அடியில். புதுப்புதுச் செல்களைப் பிரித்துத் தரும் அந்த இடங்களின் திசுவைத்தான் ஆக்குத்திசு என்கிறோம். இலை வடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வது பிறகு ஆகட்டும். முதலில் ஒவ்வொரு பயிரிலும் இந்தத் திசு எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகுங்கள்.

நான்கு இலை விட்ட மக்காச்சோள நாற்று ஒன்றை வேரோடு தோண்டி எடுங்கள். மண்ணைக் கழுவிவிட்டு, கூர்மையான பிளேடால் வேர்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடுவில் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளியே தண்டு மாதிரி தெரிவது உண்மையில் தண்டே அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட இலையுறைகள். உண்மையான தண்டு அடியில், சிறு கூம்பாக வெள்ளையாகத் தெரியும். அதன் உச்சிதான் வளர்நுனி. ஏறக்குறைய ஆறு இலைப் பருவம் வரை அது மண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கும். ஆலங்கட்டி மழையோ ஆடோ மேலே உள்ள இலைகளை முழுதாக அழித்தாலும் பயிர் திரும்ப எழுவது இதனால்தான். அவசரப்பட்டு உழுதுவிட வேண்டாம். நான்கைந்து நாள் பொறுத்துச் சில நாற்றுகளைப் பிளந்து பாருங்கள்: நுனி வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும், பழுப்பாகிக் கொழகொழத்தால் போய்விட்டது. இன்னொன்று: வயலில் தண்ணீர் தேங்கினால், மண்ணுக்குள் இருக்கும் இதே நுனி மூச்சடைத்துச் சாகும். பாதுகாப்பான இடமே ஆபத்தான இடமாவதும் உண்டு.

அவரையினப் பயிர்களில் கதை வேறு. பீன்ஸ் முளைக்கும்போது வித்திலைக்கு, அதாவது விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைக்கு, கீழுள்ள தண்டு கொக்கிபோல் வளைந்து, வித்திலைகளை மண்ணுக்கு மேலே இழுத்து வருகிறது. வித்திலைகளுக்குக் கீழே மொட்டே கிடையாது. வெட்டுப்புழு அங்கே கடித்தால் அந்த நாற்றுக்கு மறுவாழ்வு இல்லை. வித்திலைகளுக்கு மேலே ஒடிந்தால் அவற்றின் கோணத்து மொட்டுகள் கிளம்பும். பட்டாணியோ வித்திலைகளை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. முதல் கணுக்களும் மண்ணோடு ஒட்டி இருப்பதால், மேல்தண்டு ஒடிந்தாலும் அடியிலிருந்து புதுத் தளிர் வர வாய்ப்பு உண்டு. மண் இறுகி மேலோடு கட்டினால் பீன்ஸ்தான் அதிகம் தடுமாறும். வித்திலைகளையும் சேர்த்துத் தூக்க வேண்டுமே!

தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது அழுகினாலோ வண்டு குடைந்து தின்றாலோ பக்கக் கிளை வராது, மரம் முடிந்தது.

இனி, பருமனுக்குக் காரணமான கேம்பியம். மா போன்ற இருவித்திலை மரங்களில் பட்டையை உரித்தால் கட்டையின் மேல் வழவழப்பாகத் தட்டுப்படும் மெல்லிய படலம்தான் அது. ஒட்டுக்கட்டும்போது இணைய வேண்டியது கேம்பியமும் கேம்பியமும். பட்டையும் பட்டையும் அல்ல. ஒட்டுக்குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காதீர்கள், ஒரு பக்கமாக ஒதுக்கி அந்தப் பக்கத்துக் கேம்பியத்தையாவது சரியாகப் பொருத்துங்கள். வெட்டுவாய் காய்வதற்குள் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். தென்னையிலும் வாழையிலும் இப்படிப்பட்ட கேம்பியம் இல்லாததால் இந்த முறையில் ஒட்டுக்கட்ட முடியாது.

கிளையை வெட்டாமல் மரத்திலேயே வேர்விடச் செய்யும் விண்பதியத்தில் இதே படலம் எதிரியாகிறது. பென்சில் கனமுள்ள கிளையில் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறோம். இலைகள் தயாரித்துக் கீழே அனுப்பும் சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் மேல் விளிம்பில் தேங்குவதால் வேர் அங்கேதான் கிளம்பும். ஈரப்பாசியை அந்த விளிம்பு நன்றாக மூடும்படி வைத்துக் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உரித்த இடத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டி வழவழப்பு போன பிறகே கட்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் மிச்சமிருக்கும் கேம்பியம் புதுப் பட்டையை உண்டாக்கிக் காயத்தை மூடிவிடும். இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தால் வேர் இருக்காது, நன்றாக ஆறிய கிளைதான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.