முதல் படியின் உயரம்

(தருமபுரியில் மாற்றுத்திறனாளிகளும் டவுன் பஸ் பயணிகளும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, சக்கர நாற்காலியில் வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மேடைக்கு நான்கு படி. அந்த நண்பர்களில் ஒருவர் பேச வேண்டுமென்றால் கீழே இருந்துதான் பேச வேண்டும். அதனால் நானும் கீழேயே நின்று பேசுகிறேன். மைக் வயர் எட்டுகிறது, பிரச்சினை இல்லை.

தாழ்தளப் பேருந்து, அதாவது படி ஏறாமல் நேராக உள்ளே போகக்கூடிய தாழ்வான பேருந்து, பற்றிப் பேசச் சொன்னார்கள். டெப்போவில் ஸ்பேனர் பிடித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

நம் டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டி ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் பை ஏறும். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்த மஞ்சள் பையோ கீரைக்கட்டோ, அதை மேல் படியில் வைத்துவிடுவார். பிறகு ஒரு கை கம்பியில், இன்னொரு கை முழங்காலில். முழங்காலை அழுத்தித்தான் உடம்பை மேலே தள்ளுகிறார். இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்குவார். அதற்குள் பின்னால் இருந்து, "ஏறும்மா, சீக்கிரம் ஏறும்மா". கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே கை கொடுத்து இழுப்பார். பாட்டி ஏறியது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம்.

ஏன் அவ்வளவு உயரம்? பாட்டி ஏறுவது உண்மையில் லாரி. முன்னால் இன்ஜின். அங்கிருந்து பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் வரைக்கும், இன்ஜினின் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஜாயிண்ட் ஷாஃப்ட். ஆக்சிலின் நடுவில் உருண்டையாகப் புடைத்து நிற்கும் கிரவுன். இத்தனைக்கும் மேலே இரண்டு நீள இரும்புச் சட்டம், அதற்கும் மேலேதான் பலகை. சரக்கு ஏற்ற அந்த உயரம் பரவாயில்லை. அதே அடிச்சட்டத்தின், அதாவது சேஸின் மேல் கரூரில் பாடி கட்டி, சீட் போட்டு, ஆளை ஏற்றினோம். விலை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிப்பான், எந்தக் குழியிலும் இறங்கி ஏறும். அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது போட்ட சோற்றைத்தான் தின்றேன்.

நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த விவரக்குறிப்பில் தளத்துக்கு மூன்று உயரங்கள் உண்டு. 900 மில்லிமீட்டர், 650, 400. அந்த 400-தான் தாழ்தளம். 900-ஐ 400 ஆக்க, படியை வெட்டினால் போதாது. வண்டியையே வேறு மாதிரி யோசிக்க வேண்டும். இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனார்கள். நீள ஷாஃப்ட் குட்டையாகி, பின்பக்கமே நின்றுவிட்டது. பின்சக்கரங்களுக்கு நடுவிலும் தாழ்வான நடைபாதை வேண்டும் என்றால் இன்னொரு வித்தை இருக்கிறது. சாதாரண ஆக்சில் இந்தச் சக்கரத்தின் மையத்திலிருந்து அந்தச் சக்கரத்தின் மையத்துக்கு நேர்கோட்டில் ஓடும். போர்ட்டல் ஆக்சில் அப்படி இல்லை. குழந்தைக்குக் கட்டும் தூளி மாதிரி, இரண்டு முனையும் மேலே, நடு கீழே. சக்கரத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரங்கள் வைத்து இறக்கியிருப்பார்கள், கிரவுனும் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும். இந்தச் செலவு வேண்டாம் என்பவர்கள் முன் கதவிலிருந்து நடுக் கதவு வரை மட்டும் தாழ்வாக வைத்து, பின்சீட்டுகளுக்கு இரண்டு மூன்று படி போட்டுவிடுவார்கள்.

ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் காற்றுப் பை. கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் வால்வு காற்றைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சமமாக வைக்கும். டிரைவர் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் கதவுப் பக்கத்துப் பைகளில் காற்று இறங்கி, வண்டி அந்தப் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர் தணியும். கதவடியில் மடித்து வைத்த பலகையை விரித்தால் சக்கர நாற்காலிக்கு வழி.

இதற்கு நட்டமும் உண்டு. டயரின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். தளம் 40 சென்டிமீட்டரில் இருந்தால் மீதி டயர் வண்டிக்குள்ளேதான் நிற்கும், பெட்டி மாதிரி மூடி வைப்பார்கள். அங்கே சீட் போச்சு. விலையும் கூடுதல். மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்த வண்டி முதலில் காலியாகத் தெரியும்.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நியோப்ளான் நிறுவனம் 1976-லேயே இதைச் செய்து காட்டியது. லண்டனில் 1994-ல் ஓடத் தொடங்கியது. 2016 ஜனவரி 1-க்குப் பிறகு ஒற்றைத்தட்டு நகரப் பேருந்துகள் எல்லாம் சக்கர நாற்காலி ஏறும்படி இருந்தாக வேண்டும் என்று பிரிட்டனில் சட்டமே வந்துவிட்டது. இங்கே 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி டெல்லியில் இந்த வண்டிகள் பெருகின. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு போனால் சிவப்பு வால்வோவில் ஏறியிருப்பார்கள், அதுவும் இந்த இனம்தான். ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது 1980-ல். கனரக வண்டி செய்கிற மண்ணில் இருந்துகொண்டு நாம் மூன்று படி ஏறுகிறோம்!

தமிழ்நாட்டில் இது தானாக வரவில்லை. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற உரிமைப் போராளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வந்தது. சாலை சரியில்லை, மழைத் தண்ணீர் தேங்கும், வேகத்தடை இடிக்கும் என்று அரசுத் தரப்பு சொன்னது. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள வண்டிகள் ஓடத் தொடங்கின. கோவைக்கும் மதுரைக்கும் ஒதுக்கீடு உண்டு. நம் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அரசுத் தரப்பு சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் என்ன இருக்கிறது? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழ அகலத்துக்குக் கொட்டிய தார் மேடு. 12 மீட்டர் வண்டிக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஆறு மீட்டர் இடைவெளி. அந்த நடு வயிறு மேட்டில் உரசத்தான் செய்யும். ஆனால் அந்த மேடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும் கர்ப்பிணியின் இடுப்பையும், 108 வண்டியில் படுத்திருப்பவரின் முதுகையும் சேர்த்துத்தான் இடிக்கிறது. சாலை கெட்டிருந்தால் சாலையைச் சரி செய்ய வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். தளம் 40 சென்டிமீட்டர். வண்டி தணிந்தால் 34 என்று வைத்துக்கொள்வோம். பலகை ஒரு மீட்டர் நீளம். வண்டி நடுரோட்டில் நின்று பலகையை ரோட்டில் இறக்கினால் மூன்றுக்கு ஒன்று சரிவு. சக்கர நாற்காலி ஏறாது, கவிழும். அதே வண்டி 15 சென்டிமீட்டர் உயர நடைமேடையை ஒட்டி நின்றால் ஏற வேண்டியது வெறும் 19 சென்டிமீட்டர். கட்டடங்களுக்குச் சொல்லும் பன்னிரண்டுக்கு ஒன்று வரவில்லைதான், பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ளினால் போய்விடும். பாட்டிக்கு என்றால் பலகையே வேண்டாம், வீட்டு வாசற்படி உயரம்தான். ஆக, தீர்வில் பாதி வண்டியில் இல்லை, பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் காசெல் நகரத்துப் பெயரில் ஒரு விளிம்புக்கல் உண்டு. அதன் பக்கவாட்டு வளைவாக இருக்கும். டயர் அதில் உரசிக்கொண்டே நேராக வந்து நிற்கும், டயருக்கும் சேதமில்லை. டிரைவரின் திறமையை நம்பாமல் கல்லே வழிகாட்டும் ஏற்பாடு. நம் ஊரில் நிறுத்தத்தை ஒட்டி வண்டி நிற்பதற்கு முன்னால் அங்கே நிற்கும் ஷேர் ஆட்டோவை யார் எடுக்கச் சொல்வது? அதைப் போலீஸ்காரர்தான் செய்ய வேண்டும்.

2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை, துணைக்கு வருபவருக்கும் இல்லை. நல்ல திட்டம், என் வீட்டிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இங்கே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு அதனால் என்ன கிடைத்தது? ஏற முடியாத வண்டியில் இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குத்தான் காசு கொடுக்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு போக்குவரத்து வசதியைப் பற்றித்தான் பேசுகிறது. அது சென்னைக்கு மட்டும் போட்ட சட்டம் இல்லை.

மாவட்டம் முழுக்கத் தாழ்தளம் கேட்க மாட்டேன். சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் 400 மில்லிமீட்டர் வண்டியை அனுப்பச் சொன்னால் டெப்போவில் என் பழைய நண்பர்கள் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஒகேனக்கல் இறக்கத்துக்கும் வேண்டாம். அங்கெல்லாம் பழைய உயரத்திலேயே கதவில் லிஃப்ட் பொருத்திய வண்டி போதும். நான் கேட்பது தருமபுரி டவுனுக்குள் ஒரே ஒரு தடம்: பேருந்து நிலையம், நான்கு ரோடு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம். சமதளம், தூரம் குறைவு. நோயாளி, முதியவர், மனு கொடுக்க வருபவர் எல்லோரும் போகிற வழி. அங்கே முதலில் நிறுத்தங்களை உயர்த்தட்டும், வேகத்தடைகளை விதிப்படி மாற்றட்டும். அதன் பிறகு வண்டி கேட்டால், ரோடு சரியில்லை என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தாழ்தளப் பேருந்து வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள், அது கோப்போடு கோப்பாகச் சென்னைக்குப் போய்விடும். எந்த நிறுத்தம், இப்போது நடைமேடை இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர் உயரம், பக்கத்தில் எந்த இடத்தில் வேகத்தடை, அதன் அகலம் எவ்வளவு என்று எழுதுங்கள். அது நகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் இங்கேயே பதில் சொல்ல வேண்டிய மனு. ஞாயிறு காலை அளக்கப் போகலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். டேப் நான் கொண்டுவருகிறேன். நிறுத்தத்தில் எது இடிக்கிறது என்று காட்ட, சக்கர நாற்காலிக்காரர் ஒருவராவது கூட வர வேண்டும்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். பென்னாகரத்துக்காரர்கள் முதலில் கேட்கட்டும், அவர்களுக்குக் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும்.