மழை பெய்தால் மின்தேவை எவ்வளவு குறையும்? தரவை வைத்துக் கணக்கிடுவது எப்படி: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஒரு மாணவர் கேட்டிருக்கார்: "தமிழ்நாட்டோட 10 வருஷ மாத மழையையும் மாத மின்தேவையையும் எக்ஸெல்ல பக்கத்துல பக்கத்துல வச்சு கோரிலேஷன் போட்டேன். மைனஸ்ல வந்துச்சு, ஆனா ரொம்ப பலவீனமா இருக்கு. அப்போ மழைக்கும் கரண்ட் தேவைக்கும் பெரிய சம்பந்தம் இல்லைன்னு எழுதிடலாமா? இல்ல, நான் செஞ்ச முறை தப்பா?"

அப்படி எழுதிடாதீங்க. கோரிலேஷன்ங்கிறது ரெண்டு எண் வரிசை எவ்வளவு சேர்ந்து மாறுதுன்னு சொல்ற அளவு. சம்பந்தம் நல்லாவே இருக்கு, மாதக் கணக்குல அது மறைஞ்சு போயிடுது. ஏன்னா மழை ஒரே வழியில டிமாண்டைத் தொடறதில்ல. சாயங்காலம் ஒரு மழை அடிச்சா காத்து குளிர்ந்து ஏசி, ஃபேன் லோடு சில மணி நேரத்துக்கு இறங்குது. அதே மழை மண்ணை நனைச்சா, பம்ப்செட் ஓட வேண்டிய தேவை அடுத்த ஒரு வாரம், பத்து நாளைக்குக் குறையுது. காத்தோட வந்த மழையா இருந்தா லைன் ட்ரிப் ஆகுது, அதாவது தானா துண்டிச்சுக்குது. டிமாண்டு இருந்தும் சப்ளை போகல, கணக்குல மட்டும் குறைஞ்ச மாதிரி பதிவாகுது. இதுக்கெல்லாம் எதிர்த்திசையிலும் ஒண்ணு இருக்கு. பகல்ல மேகம் மூடினா கூரை சோலார் உற்பத்தி படுத்துடும், அந்த வீடும் கடையும் கிரிட்ல (பொது மின் கட்டமைப்புல) இருந்து இழுக்க ஆரம்பிக்கும், அப்போ டிமாண்டு ஏறும். மணி நேரத்துல நடக்குறது, வாரத்துல நடக்குறது, ஏத்துறது, இறக்குறது எல்லாத்தையும் ஒரு மாசத்துல கூட்டிட்டா மிஞ்சுறது கொஞ்சம்தான்.

இன்னொரு காரணம் சீசன். தமிழ்நாட்டுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சராசரியா சுமார் 44 சென்டிமீட்டர் மழை, வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி. அந்த மூணு மாசமும் மழையே பெய்யலைன்னாலும் வெயில் குறையத்தான் போகுது. உச்ச டிமாண்டு வர்றது ஏப்ரல், மே மாசத்துல. 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் போச்சு, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஏப்ரல் 30 அன்னைக்கு ஒரே நாள்ல 454.32 மில்லியன் யூனிட் செலவாச்சு. ஜூன், ஜூலையில பாருங்க, நீலகிரியில மழை கொட்டும், சென்னையில வெயில் கொளுத்தும். மாநில சராசரியில "மழை பெஞ்ச மாசம், டிமாண்டும் அதிகம்"னு விழும். ஆக உங்க கோரிலேஷன் பெரும்பாலும் காலண்டரைத்தான் அளந்திருக்கு, மழையை அளக்கல.

சரி, எப்படி செய்யணும்? முதல்ல நாள் கணக்குக்கு வாங்க. மாதக் கணக்குல உங்ககிட்ட இருக்குறது 120 வரி, நாள் கணக்குல 3,650 வரி கிடைக்கும். டிமாண்டுக்கு, நாட்டோட மின் கட்டமைப்பை இயக்குற கிரிட் இந்தியா நிறுவனம் தினமும் வெளியிடுற அறிக்கை போதும். மாநில வாரியா அன்னைக்குச் சப்ளை ஆன மில்லியன் யூனிட், அதிகபட்ச மெகாவாட், பற்றாக்குறை எல்லாம் இருக்கும். மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையோட கட்டத் தரவு (வரைபடத்தைச் சதுரமா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்), 0.25 டிகிரி கட்டம், 1901ல இருந்து நாள் வாரியா இருக்கு. ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர், தமிழ்நாட்டுக்குள்ள சுமார் 170 கட்டம் விழும். அதே துறையோட வெப்பநிலைத் தரவு 1 டிகிரி கட்டத்துல இருக்கு.

மழை ஃபைல் பைனரி, அதாவது நேரா திறந்து படிக்க முடியாத வடிவம். ஒரு நாளைக்கு 135க்கு 129 எண்கள். தரவு இல்லாத இடத்துல மைனஸ் 999 இருக்கும், வெப்பநிலை ஃபைல்ல 99.9. இதை நீக்காம சராசரி போட்டா என்ன ஆகும்? நடு மாவட்டங்கள்ல ஒண்ணும் தெரியாது. கடலோரக் கட்டங்கள்லதான் மாட்டும், அங்கதான் கடல் கட்டமும் கலந்து வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் சராசரி மழை மைனஸ்ல வந்துச்சுன்னா காரணம் இதுதான். வெப்பநிலையில இன்னும் மோசம், 99.9 ரெண்டு கட்டம் கலந்தா சராசரி 45, 50ன்னு வரும், சில பேர் அதை வெப்ப அலைன்னு எடுத்துக்குறாங்க.

இப்போ சொல்லப் போறது ரொம்ப முக்கியம். நிறைய ப்ராஜெக்ட் இதுலதான் கவுந்திருது. வானிலைத் துறையோட ஒரு நாள் மழைங்கிறது காலை 8:30க்கு முடியுற 24 மணி நேரம். நவம்பர் 10னு போட்டிருக்குற மழை, நவம்பர் 9 காலை 8:30ல இருந்து 10 காலை 8:30 வரைக்கும் பெஞ்சது. மின்சாரக் கணக்கு ராத்திரி 12ல இருந்து ராத்திரி 12. அப்போ 10ஆம் தேதி மழையில 15.5 மணி நேரம் 9ஆம் தேதிக்குச் சொந்தம், 8.5 மணி நேரம்தான் 10ஆம் தேதிக்கு. ஏப்ரல், மே கோடை மழை உள்மாவட்டங்கள்ல பெரும்பாலும் சாயங்காலம் பெய்யும். 9ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு ஈரோட்டுல பெஞ்ச மழை 10ஆம் தேதி கணக்குல உட்காரும், டிமாண்டு இறங்குனது 9ஆம் தேதியில இருக்கும். தேதியை நேருக்கு நேர் ஒட்டினா, "மழைக்கு முந்தின நாளே டிமாண்டு குறையுது"ன்னு வினோதமா ஒரு முடிவு வரும். அதனால 9ஆம் தேதி டிமாண்டுக்கு எதிரா 9, 10 ரெண்டு தேதி மழையையும் தனித்தனி நெடுவரிசையா வைங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. பழைய தரவை விளக்குறதுக்கு மட்டும்தான் இப்படி வைக்கலாம். நாளைய டிமாண்டைக் கணிக்கிற மாடல்ல அந்த அடுத்த தேதி மழையை வச்சா, நடக்காத மழையை முன்கூட்டியே மாடலுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. பேப்பர்ல துல்லியம் அருமையா வரும், நிஜத்துல ஓடாது. கணிப்புக்கு முந்தின நாள் கையில இருந்த மழை முன்னறிவிப்பைத்தான் போடணும்.

மணி வாரியா செய்யணும்னா நாசாவோட ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவு இருக்கு. 0.1 டிகிரி, அரை மணிக்கு ஒரு தடவை. நேரம் சர்வதேச நேரத்துல இருக்கும், 5:30 கூட்டுங்க. எண் மணிக்கு இத்தனை மில்லிமீட்டர்னு வேகமா இருக்கும், அரை மணி அளவு வேணும்னா பாதியாக்கணும். மறந்தா மழை ரெண்டு மடங்காயிடும். கிரிட்ல ஒரு நாள் 15 நிமிஷமா 96 பிளாக், அதனால ஒரு அரை மணி மழைக்கு ரெண்டு பிளாக்.

அடுத்தது எடை. 170 கட்டத்தையும் சமமா சராசரி போடாதீங்க. சென்னை மாநகரம் ரெண்டு மூணு கட்டத்துக்குள்ள அடங்கிடும், லோடு மலையளவு. மலைக்காட்டுல இருக்குற கட்டத்துல 20 சென்டிமீட்டர் கொட்டினாலும் மாநில டிமாண்டு அசையாது. மின் பகிர்மான வட்டம் வாரியா நுகர்வு கிடைச்சா அதை எடையா வைங்க, கிடைக்கலைன்னா மக்கள்தொகை. பம்ப்செட் வழியைப் பார்க்கும்போது மட்டும் எடையை மாத்தணும், அங்க விவசாய இணைப்பு எண்ணிக்கைதான் எடை. ஆக ஒரே மழையில இருந்து ரெண்டு நெடுவரிசை: நகர மழை, பாசன மழை.

மழையை மில்லிமீட்டராவே ரிக்ரஷன்ல (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறும்னு கணக்கிடுற முறை) போடுறதும் சரி வராது. 5 மில்லிமீட்டர்ல இருந்து 20க்குப் போகும்போது குளிர்ச்சி நிறைய கூடும். 80ல இருந்து 95க்குப் போனா அதே 15தான், ஆனா ஏற்கனவே எல்லாரும் ஏசியை நிறுத்தியாச்சு. நேர்கோடு இதைப் பிடிக்காது. எனக்குப் பிடிச்ச முறை, 2.5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ பெஞ்ச கட்டங்கள் மொத்த லோடுல எத்தனை சதவீதம்னு பார்க்கிறது. 2.5தான் வானிலைத் துறை மழை நாளுக்கு வச்சிருக்குற அளவு. 64.5க்கு மேல கனமழை, அதுக்குத் தனியா ஒரு சதவீத நெடுவரிசை வைங்க; அது குளிர்ச்சியை அளக்க இல்ல, ட்ரிப் ஆகுறதை அளக்க.

பம்ப்செட்டுக்கு மண் ஈரம் வேணும். ஈரம் அளந்த தரவு இல்லைன்னா, முந்தின நாள் ஈரக் கணக்கை 0.9ஆல பெருக்கி இன்னைக்கு மழையைக் கூட்டுங்க, அவ்வளவுதான். 0.85ல இருந்து 0.95 வரைக்கும் மாத்திப் பார்த்து எது நல்லா பொருந்துதோ அதை எடுங்க. செம்மண் சீக்கிரம் காயும், களிமண் தாங்கும், அதனால மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த எண் மாறுறது இயல்பு. டெல்டா மாவட்டங்களுக்கு மேட்டூர்ல தண்ணி திறந்த நாளையும் சேர்க்கணும். வழக்கமான தேதி ஜூன் 12, ஆனா எல்லா வருஷமும் அன்னைக்கே திறக்கிறதில்ல. வாய்க்கால்ல தண்ணி ஓடுற வருஷமும் ஓடாத வருஷமும் பம்ப் ஓட்டத்துல ஒண்ணு இல்ல. விவசாய இணைப்புல பெரும்பகுதிக்கு மீட்டர் இல்லாததால, இந்த வகையோட நுகர்வுன்னு வெளியாகுற எண்ணே மதிப்பீடுதான். அதை நேரா எடுக்காம, த்ரீ பேஸ் சப்ளை கொடுக்குற நேரத்துல மொத்த லோடு எவ்வளவு எகிறுதுன்னு பாருங்க. அது நேர்மையான அளவு.

இப்போ சுத்தம் பண்ற வேலை. தீபாவளி எப்பவும் வடகிழக்குப் பருவமழை நேரத்துல வரும். ஆலைகள் மூடி இருக்கும், டிமாண்டு பெருசா விழும், கூடவே மழையும் பெய்யும். தனியா குறிக்கலைன்னா அந்த வீழ்ச்சி முழுக்க மழை தலையில ஏறிடும். தீபாவளிக்கு முந்தின நாள்ல இருந்து மூணு நாள் பின்னாடி வரைக்கும், பொங்கலுக்கு நாலு நாள், தேர்தல் நாள், ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் தனித்தனி அடையாளம் போடுங்க. 2020 மார்ச் 25ல இருந்து ஊரடங்கு மாசங்களைத் தூக்கிடுங்க. வருஷா வருஷம் வளர்ற வளர்ச்சிக்கு, டிமாண்டை லாக் (இயல் மடக்கை) எடுத்து, வருஷப் போக்கைக் கழிச்சிடுங்க. 2008ல இருந்து 2014 வரைக்குமான தரவை இதுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அந்த வருஷங்கள்ல கரண்ட் கட்டும், ஆலைகளுக்கு மின் விடுமுறையும் நடந்தது, அங்க பதிவானது தேவை இல்ல, கொடுத்த அளவு.

புயல் நாளும் அப்படித்தான். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம், அதே மாசம் 17, 18 தேதியில தென் மாவட்ட வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சது. இந்த நாட்கள்ல பாதுகாப்புக்காகவே ஃபீடரை (ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டு போற லைனை) நிறுத்துவாங்க. நீங்க பார்க்குற சரிவு மக்கள் சுவிட்சை அணைச்சதால வந்தது இல்ல. இதைச் சேர்த்து வரைஞ்சா "கனமழை வந்தா டிமாண்டு பாதியாகும்"னு அழகான கோடு வரும், முழுத் தப்பான கோடு. அந்த நாட்களை எடுத்துட்டு ஒரு தடவை, வச்சு ஒரு தடவை ஓட்டுங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசமே ஒரு முடிவுதான், ரிப்போர்ட்ல போடலாம்.

நிறைய பேர் குழம்புற இன்னொரு இடம்: வெப்பநிலையைச் சேர்க்கலாமா, வேண்டாமா? மழை பெஞ்சதாலதான் அன்னைக்கு வெப்பம் குறைஞ்சது. அன்னைய வெப்பநிலையையும் மழையையும் ஒரே மாடல்ல போட்டா, மழையோட குளிர்ச்சி விளைவை வெப்பநிலை எடுத்துக்கும், மழைக்குப் பக்கத்துல சின்ன எண்தான் மிஞ்சும். உடனே "மழைக்கு முக்கியத்துவம் இல்லை"ன்னு எழுதிடுறாங்க. மாடல் சரி, கேள்விதான் வேற. ரெண்டு மாடல் ஓட்டுங்க. முதல்ல அன்னைய வெப்பநிலை இல்லாம, அந்தத் தேதிக்கு உரிய நீண்டகால சராசரி வெப்பத்தோடயும் முந்தின நாள் வெப்பத்தோடயும். இது மழையோட மொத்த விளைவைச் சொல்லும். ரெண்டாவதுல அன்னைய வெப்பநிலையையும் சேருங்க. குளிர்ச்சி போக மிச்சம் எவ்வளவுன்னு தெரியும். மே மாசத்துக்கும் நவம்பருக்கும் தனித்தனியா செய்யணும். 38 டிகிரியில இருந்து 30க்கு இறங்குனா ஏசி நிக்கும், 27ல இருந்து 24க்கு இறங்குனா நிறுத்த ஏசியே ஓடல.

எண்ணைப் படிக்கிறது எப்படின்னா, லாக் எடுத்திருக்கீங்க, மழைச் சதவீதத்தை 0ல இருந்து 1 வரைக்குமான பின்னமா போட்டிருக்கீங்க, அந்த நெடுவரிசைக்கு மைனஸ் 0.04னு வந்துச்சுன்னு உதாரணத்துக்கு வைங்க. லோடு பகுதி முழுக்க மழை பெஞ்சா டிமாண்டு சுமார் 4 சதவீதம் குறையும்னு அர்த்தம். 400 மில்லியன் யூனிட் செலவாகுற நாள்ல அது 16 மில்லியன் யூனிட். பிழை எல்லை போடும்போது சாதாரண முறையை நம்பாதீங்க. இன்னைய டிமாண்டும் நேத்தைய டிமாண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால எல்லை பொய்யா குறுகலா வரும். இந்த ஒட்டுதலைக் கணக்குல எடுக்குற நியூவி வெஸ்ட் முறையில போடுங்க, பைத்தான்ல ஸ்டாட்ஸ்மாடல்ஸ்ல ஒரு வரிதான்.

மாடலைப் பழக்க (பயிற்சி) ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதின்னு வரிகளைக் குலுக்கிப் பிரிக்கக் கூடாது. நவம்பர் 9ம் 11ம் பயிற்சியில இருந்து, 10 மட்டும் சோதனையில இருந்தா அது சோதனையே இல்ல. 2022 வரைக்கும் பயிற்சி, 2023, 2024 சோதனைன்னு காலத்தால வெட்டுங்க. ஒப்பிட "போன வாரம் இதே கிழமை டிமாண்டு"ங்கிற சாதாரண கணிப்பை வைங்க. மொத்த சராசரிப் பிழை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க, வருஷத்துல பெரும்பாலான நாள் மழை இல்லாத நாள். மழை வந்த நாள், அதுக்கு அடுத்த நாள், இந்த ரெண்டுக்கும் பிழையைத் தனியா எடுங்க. சப்ளை பக்கம் திட்டம் போடுறவங்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.

"எக்ஸெல்லயே செய்யலாமா?"ன்னும் கேட்டிருந்தீங்க. கட்டத் தரவைப் பிரிச்செடுக்க முடியாது, அதுக்கு பைத்தான்ல ஐஎம்டிலிப்னு ஒரு நூலகம் இருக்கு, அதை வச்சு சி.எஸ்.வி ஃபைலா இறக்கிடலாம். அதுக்கப்புறம் ஈரக் கணக்கு, பண்டிகை அடையாளம், ரிக்ரஷன் வரைக்கும் எக்ஸெல் தாங்கும். ரிக்ரஷன் கருவியில ஒரு தடவைக்கு 16 நெடுவரிசைதான் ஏறும், அதனால கிழமைக்கு ஏழு நெடுவரிசை வைக்காம ஞாயிறு, மத்த நாள்னு ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. முதல்ல ஒரே ஒரு மாசம், 2024 மே எடுத்து, தேதி ஒட்டினது சரியான்னு கையால பத்து வரி சரி பாருங்க. அது சரியா வந்தப்புறம் 3,650 வரிக்குப் போங்க.